சிவப்பு முடிச்சு

டிரம்மின் மூடியைத் திருகித் திறந்ததும் அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். உள்ளே அடைந்து கிடந்த காற்று வெளியே போகட்டும் என்று கொஞ்சம் பொறுத்துவிட்டு, பிறகுதான் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். அடியில் மஞ்சள் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. பார்வைக்குச் சாதுவான தண்ணீர். பூட்டு, கீல், தாழ்ப்பாள் என்று அந்தத் தொழிற்சாலையில் செய்கிற சாமான்களுக்கெல்லாம் பளபளப்பு ஏற்றுகிற தொட்டியில் ஊற்றியது போக மிச்சம். தொட்டிப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். கேட்டால் உடம்புச் சூடு என்பார்கள்.

மூடியைத் திருகி மூடினாள். கொட்டகைச் சுவரில் ஆணியடித்து இரண்டு லேபிள் சுருள்களை மாட்டியிருந்தார்கள். ஒன்று மஞ்சள். அதில் மண்டை ஓடு, அரித்துப்போன கை, செத்த மீன் என்று படங்கள் வரிசையாக இருந்தன. இன்னொன்று வெள்ளை. ‘கழுவிய காலி டிரம்’ என்பது மட்டும்தான் அதில் எழுத்து. வெள்ளைச் சுருள் எத்தனையோ முறை தீர்ந்து புதிது மாட்டியாகிவிட்டது. மஞ்சள் சுருள் அவள் வந்த முதல் நாள் கொஞ்சம் இளைத்ததோடு சரி, அப்படியே தூசி படிந்து தொங்கியது.

அவள் வெள்ளையில் ஒன்றைக் கிழித்து, ஒரு மூலையை உள்பக்கமாகச் சின்னதாக மடித்து, டிரம்மின் வயிற்றில் ஒட்டினாள். மூலையை மடிப்பது அவளுடைய கைப்பழக்கம். தப்பாக ஒட்டிவிட்டால் பிடித்து உரிக்க வசதியாக இருக்கும். எத்தனை முறை தப்பாக ஒட்டினாலும் உரிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து வெளியாள் ஒரு அம்மா வந்து பாடம் நடத்தியதன் பலன் இந்த வேலை. எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம், எந்தக் கழிவை எதோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று அந்த அம்மா மத்தியானம் வரைக்கும் சொன்னார். கடைசியில் பரீட்சை வைத்தார். அவள்தான் முதலில் வந்தாள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, சூப்பர்வைசர் முதல் ஆளாகக் கை தட்டினார். மறுநாளே அவளைப் பேக்கிங்கிலிருந்து எடுத்து இந்தக் கொட்டகையில் போட்டார்கள். அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் லேபிள் அக்கா.

படித்ததை மனதில் வைத்துக்கொண்டு முதல் நாள் மஞ்சள் லேபிளாக ஒட்டித் தள்ளினாள். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். ஒவ்வொன்றாக அவரே உரித்துப் போட்டார்.

“ஏம்மா, மஞ்சள் ஒட்டுனா அது எங்க போகணும் தெரியுமா? அதுக்குன்னு தனி லாரி, தனி இடம். கம்பெனிய நீ நடத்துறியா, நான் நடத்துறேனா?”

“உள்ள ஆசிட்டு கெடக்கு சார்.”

“உள்ள என்ன இருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாம என்ன டாக்டரா? கவுத்தா ஒண்ணும் வரலைன்னா காலி. காலின்னா வெள்ளை.”

“கவுத்தா கொட்டுமே சார்.”

“அப்ப கவுக்காத.”

அதற்குப் பிறகு அவள் எதையும் கவிழ்க்கவில்லை.

*

அவளுடைய புருஷனுக்கு டிரம் கழுவுகிற பட்டறையில் வேலை. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், லாரிகள் நிற்கிற மைதானத்தை ஒட்டி இருந்தது அது. பல கம்பெனிகளிலிருந்தும் டிரம்கள் வரும். கழுவி, நெளிசல் எடுத்து, பெயின்ட் அடித்து மறுபடியும் விற்றுவிடுவார்கள். வருகிற டிரம்கள் நடுவில் ஒரு தரகன் கை மாறித்தான் வரும். எது எங்கிருந்து வந்தது என்று கழுவுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் டிரம்மைப் பற்றியா பேசிக்கொண்டிருப்பார்கள்?

ஒருநாள் சாயங்காலம் அவன் வாசலில் செருப்பைக் கழற்றினான். ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்று காலோடு வந்தது.

“என்னன்னு பாரு. பிசின் மாதிரி ஒட்டுது,” என்று காலைத் தூக்கிக் காட்டினான்.

குதிகாலுக்கும் செருப்புக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் நசுங்கி ஒட்டியிருந்தது. அவள் பிடித்து இழுத்தாள். எழுத்து பாதி அழிந்திருந்தது. ஆனால் ஒரு மூலை உள்பக்கமாகச் சின்னதாக மடிந்திருந்தது.

“இது நான் ஒட்டுனது.”

“பாத்தியா? பொண்டாட்டி பார்த்த வேலை புருஷன் கால்ல வந்து விழுது. இனிமே மரியாதையா இரு,” என்று அவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இந்த மாதிரி ஒட்டுன டிரம்ம என்ன பண்ணுவீங்க?”

“வெள்ளையா? வெள்ளைன்னா நல்ல டிரம். அதுல குழந்தையவே குளிப்பாட்டலாம்னு மேஸ்திரி சொல்லுவாரு. தண்ணிய ஊத்தி ஒரு குலுக்கு. அப்புறம் மேல்மூடிய வெட்டி எடுத்துட்டு, தலைய உள்ள விட்டுத் துணியால துடைச்சுற வேண்டியதுதான்.”

“கையில ஒண்ணும் மாட்டிக்க மாட்டீங்களா?”

“கிளவுஸ் மத்த டிரம்முக்கு. வெள்ளைக்கு எதுக்கு?”

மகள் அவன் மடியில் ஏறப் பார்த்தாள். அவன் தூக்கிக்கொண்டதும், “அப்பா கை சொரசொரங்குது,” என்று இறங்கிவிட்டாள். அவனுடைய விரல் நுனிகள் பல மாதமாகவே தோல் உரிந்து சிவந்திருந்தன. மூக்கில் ரத்தம் வந்தபோது அவளே ஈரத்துணியை நெற்றியில் போட்டு, சூடு என்று சொல்லியிருந்தாள். அந்தச் சூட்டை இத்தனை நாளும் தானே லேபிள் ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டில் போட்டதைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“உன் வீட்டுக்காரர் அங்கயா இருக்காரு? சொல்லவே இல்ல பாரு. சரி, யோசிச்சுப் பாரு. நம்ம டிரம் போறதாலதான் அந்தப் பட்டறையே ஓடுது. நாளைக்கு எல்லாத்துலயும் மஞ்சள் ஒட்டுறேன்னு வச்சுக்க. ஒரு டிரம் அங்க போகாது. அவரு வீட்டுல உட்கார்ந்து உனக்குப் பாத்திரம் தேய்ச்சுக் குடுப்பாரா?”

“அப்ப கிளவுஸாவது போடச் சொல்லலாமே சார்.”

“அது அவங்க பட்டறை. நாம எப்படிச் சொல்றது?” என்றவர், அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, “பேக்கிங்ல ஆள் இருக்காங்க. இந்தக் கொட்டகைக்கு வரேன்னு கேக்கறவங்களும் இருக்காங்க. உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடு,” என்றார்.

பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை.

*

பூப்போட்ட பழைய சிவப்பு நைட்டி ஒன்று வீட்டில் கரித்துணியாகக் கிடந்தது. அதை நீளநீளமாகக் கிழித்தாள். கிழிந்ததைச் சுருட்டி மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் தண்ணீர், ஆசிட், தின்னர், இந்த மூன்றும் இருந்த டிரம்களில் வெள்ளை லேபிளை வழக்கம்போல ஒட்டிவிட்டு, வாய்ப்பக்கத்து இரும்பு வளையத்தில் ஒரு துணியைக் கட்டினாள். சோப்புத் தண்ணீர் வந்த டிரம்களை விட்டுவிட்டாள். லாரிக்காரன் துணியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. டிரம்மில் கயிறும் கந்தலும் தொங்குவது புதிதா என்ன?

“செவப்புத் துணி கட்டியிருந்தா தொடாதீங்க,” என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் வந்ததும் அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “ஏன்டி, அது உன் நைட்டியா? அந்தப் பூவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. பட்டறை முழுக்க உன் நைட்டியத் தொங்கவிட்டிருக்க.”

“தொட்டீங்களா?”

“தொடுவனா? தள்ளி வச்சுட்டு வேற எடுத்தேன்.”

அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். பாதியில் கை நின்றது.

“நீங்க தள்ளி வச்சத யாரு கழுவுனா?”

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். “ஒல்லி.”

ஒல்லி அவனுக்குப் பக்கத்தில் நின்று கழுவுகிறவன். கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் பரிமாறி, பாத்திரங்களை ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசியாகப் போனவன். அவனிடமும் சொல்லிவிடச் சொன்னாள். சொன்னான். ஒல்லியின் வாயில் எதுவும் தங்காது. வாரம் முடிவதற்குள் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிவப்பு கட்டிய டிரம்களை யாரும் தொடவில்லை. அவை வேலியோரம் குவிந்தன. நைட்டி டிரம் என்று அவற்றுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சில நாட்கள் அவள் கொட்டகையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். கேன்டீனில் கை கழுவும்போது பேக்கிங் பெண்கள், “என்னக்கா, லாட்டரி விழுந்துச்சா?” என்றுகூடக் கேட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்துப் புருஷன், “இப்பல்லாம் கிளவுஸ் குடுத்துட்டாங்க,” என்றான். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறை. இன்னொரு நாள், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “துணிய நல்லா இறுக்கி முடிச்சுப் போடு. லாரியில வரும்போது அவுந்து விழுந்துடுது,” என்றான். அவளும் அன்றிலிருந்து இரட்டை முடிச்சாகப் போட்டாள். தன்னுடைய துணி அவனுக்கு உதவுகிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் நிற்கவில்லை. பழைய ரணம் ஆறுகிறது என்றான்.

*

லீவு நாளில் துணி துவைக்க உட்கார்ந்தாள். அவனுடைய வேலைச் சட்டையை உதறியபோது பை கனத்தது. விரலை விட்டு இழுத்தாள். நைட்டித் துணி வந்தது. ஒன்றோடொன்று சுற்றி, ஈரத்தில் நாறிக்கொண்டு, ஒரு கைப்பிடி வந்தது. சில துண்டுகள் மஞ்சள் பட்டு ஓட்டை விழுந்திருந்தன. அவள் போட்ட முடிச்சுகள் அவிழவில்லை. முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

அவன் கட்டிலில் படுத்திருந்தான். அவள் அந்தத் துணியை அவன் முன்னால் போட்டாள்.

“இது என்ன?”

அவன் எழுந்து உட்கார்ந்தான். முதலில் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

“கழுவுறதுக்கு மிஷின் வந்திருக்கு. பாதிப் பேரு போதும்னு மொதலாளி சொல்லிட்டாரு. யார வச்சுக்கறது, யார அனுப்பறதுன்னு மேஸ்திரிக்குக் கொழப்பம். அப்பத்தான் வேலியோரமா இருந்த டிரம்மப் பார்த்தாரு. ஏன் தொட மாட்டேங்கறீங்கன்னு கேட்டாரு. யாரும் வாயத் தொறக்கல. அவரும் அதுக்கு மேல கேக்கல. செவப்பு டிரம்மக் கழுவுறவங்க துணிய அறுத்து எடுத்து வச்சுக்கங்க, வாராவாரம் சனிக்கிழமை கொண்டுவந்து காட்டுங்கன்னார். துணி கொறச்சலா வச்சிருக்கறவனுக்குத் திங்கக்கிழமை வேலை இல்ல.”

“அதான் இறுக்கிக் கட்டச் சொன்னீங்களா?”

“வழியில விழுந்துட்டா கழுவுனதுக்கு சாட்சி இல்லாமப் போகுது.”

“கிளவுஸ்?”

அவன் மகள் விளையாடிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தான்.

“ஒல்லி?”

“அவனுக்குக் கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. அப்படியும் வர்றான். என் கையில இருக்கறத விட அவன் கையில துணி அதிகம். நேத்து ஒரு டிரம்முக்கு நானும் அவனும் அடிச்சுக்காத குறை. நான்தான் புடுங்கினேன்.”

எந்த டிரம்மைத் தொடாதே என்று கட்டினாளோ, அதைப் பிடுங்க இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். கட்டாமல் விட்டுவிடலாம். விட்டால் எல்லாம் நல்ல டிரம் என்று அவன் பழையபடி தலையை உள்ளே விடுவான், காட்டுவதற்குத் துணியும் இருக்காது. வேலையை விட்டு நின்றுவிடு என்று சொல்லலாம். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனும் அவளை நின்றுவிடு என்று சொல்லவில்லை. மகள் மட்டும் அந்தச் சிவப்புத் துணியைப் பொம்மைக்குத் தாவணியாகக் கேட்டுக் கையை நீட்டினாள். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். குழந்தை அழுதது.

துணியெல்லாம் காய்ந்து மடித்த பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

“நாளையிலேருந்து சோப்புத் தண்ணி டிரம்முல செவப்பக் கட்டுறேன். நீங்க தாராளமா அதக் கழுவி, துணிய எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுங்க.”

அவன் முகம் தெளிந்தது. பிறகு, “அப்ப மஞ்சத் தண்ணி டிரம்?” என்றான்.

“அதுல துணி இருக்காது. ஆனா லேபிள் மூலைய மடிக்காம ஒட்டிடறேன். மூலை மடிக்காதது விஷம்னு வச்சுக்கங்க. அதத் தொடாதீங்க.”

“மூலையா? யாருக்கும் தெரியாது.”

“ஒல்லிகிட்ட மட்டும் சொல்லிடுங்க.”

“ஒல்லிகிட்ட சொன்னா மைக்குல சொன்ன மாதிரி. போன தடவை அப்படித்தானே ஆச்சு.”

அவள் மடித்த துணிகளை அடுக்கத் தொடங்கினாள். ஒல்லிக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டாவது இப்போதுதான் நடக்கப் பழகுகிறது. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் போய்ச் சொல்லிவிடுவான் என்று பயந்தாள். அப்படிப் பயந்ததற்காக அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

*

திங்கட்கிழமை கொட்டகைக்குள் நுழைந்தபோது உள்ளே முழுக்க டிரம்கள் வந்து நின்றன. அவள் மிச்சமிருந்த நைட்டித் துண்டுகளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் டிரம் ஒன்றின் பக்கத்தில் குனிந்தாள்.

“ஏம்மா லேபிள்.”

சூப்பர்வைசர் வாசலில் நின்றார். கர்ச்சீப்பை மூக்கில் வைத்திருந்தார். உள்ளே வரவில்லை. இன்னொரு கையில் சிவப்பு நாடாச் சுருள் ஒன்று இருந்தது. புத்தம் புதுசு. கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கவில்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த துணியை முந்தானையால் மூடினாள்.

“நீ ஏதோ துணி கட்டி அனுப்பறியாமே?”

“அது… அடையாளத்துக்கு சார். இனிமே கட்டல.”

“அட, திட்ட வரலைம்மா. பட்டறைக்காரங்க போன் பண்ணாங்க. அது அவங்களுக்கு ரொம்ப வசதியா இருக்காம். ஆளுங்க போட்டி போட்டுக்கிட்டு வேலை செய்யறாங்களாம். தொடர்ந்து கட்டி அனுப்பச் சொன்னாங்க.” நாடாவை அவளை நோக்கித் தூக்கிப் போட்டார். “கந்தலைக் கட்டி அனுப்பாத. பார்க்க நல்லா இருக்க வேணாமா? கம்பெனி பேரு இருக்கு.”

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சரி, நாடாவானால் என்ன, அதையும் சோப்பு டிரம்மிலேயே கட்டிவிடலாம் என்று நினைத்தாள். பக்கத்திலிருந்த வளையத்தில் நாடாவின் நுனியை நுழைத்தாள்.

“அது இல்ல,” என்றார் அவர். “அது சோப்புத் தண்ணி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாசலில் நின்றபடியே, கர்ச்சீப்பை எடுக்காமல், விரலை நீட்டினார்.

“அந்த மூலையில ரெண்டு. தூணுக்குப் பின்னால ஒண்ணு. அந்த நெளிஞ்சது. அதுக்குக் கீழ இருக்கறது தின்னர், அதுலயும் கட்டு. பின்வரிசை முழுக்க. நடுவுல இருக்கே, நீல மூடி, அத விட்டுடு. அது வெறும் எண்ணெய்.”

எந்த மூடியையும் அவர் திறக்கவில்லை. ஒன்றைக்கூட அவர் தப்பாகக் காட்டவில்லை.

“உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுன்னீங்களே சார்.”

“எத்தனை வருஷமா இருக்கேன். இதுகூடத் தெரியாதா?” என்றார் அவர். “ஆகட்டும், லாரி வந்துடும். நீ கட்டி முடிக்கற வரைக்கும் நான் இங்கதான் நிக்கறேன்.”

மஞ்சள் சுருள் அவர் தலைக்குப் பக்கத்தில் தொங்கியது. அவர் அதன் மேல் சாய்ந்துவிடாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அவள் மூலைக்குப் போனாள். வெள்ளை லேபிளைக் கிழித்தாள். மூலையை மடிப்பதா வேண்டாமா என்று விரல் தடுமாறியது. விஷம் என்று தெரிந்தாலும் நாடாவுக்காக அவன் பிடுங்கத்தான் போகிறான், இனி எதற்கு அது? மடிக்காமலே ஒட்டினாள். நாடாவை வெட்டி வளையத்தில் கோத்தாள். வழியில் அவிழ்ந்து விழுந்துவிடாதபடி, புருஷன் சொல்லியிருந்த மாதிரியே, இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினாள்.